கணுக்காலில் ஓர் ஊசி

சாட்சி சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்வது அவள் வேலை. நீதிபதியின் மேடைக்குக் கீழே, எல்லோர் கண்ணும் விழுகிற இடத்தில் அவளுடைய மேசை. நீதிபதி எழுந்தால்தான் அவளும் எழலாம். பத்தொன்பது வருடமாக எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மா.

கடைசி நாலு வருடம் அந்த நாற்காலி அவளுக்கு முள்ளாகிவிட்டது. சிறுநீர் முட்டுகிறது என்று தெரிந்த மறு நிமிடமே அடக்க முடியாமல் போய்விடும். காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். கறுப்புத் துணி மட்டுமே உடுத்துவாள். மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள். நாக்குதான் காய்ந்தது, மற்றது காயவில்லை. உறவுக்காரர்களின் நல்லது கெட்டதுக்குப் போவதையும் நிறுத்தினாள். கணவனுக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மாடியில் குடியிருந்த அவன் அக்கா, அவள் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவள், தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்: "கோர்ட்டு உத்தியோகம்ல, நாமெல்லாம் எங்க கண்ணுக்குத் தெரியப் போறோம்."

ஒரு நாள் கிடங்கு எரிந்த வழக்கில் காவலாளியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். அவள் கால்மேல் கால் போட்டு, பல்லைக் கடித்து, கடைசியில் பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடினாள். நடைகூடத்தின் கோடியில் கழிப்பறை. போய்ச் சேர முடியவில்லை.

இருபது நிமிடம் கழித்து அவள் திரும்பியபோது மொத்த மன்றமும் காத்திருந்தது. "சாயங்காலத்துக்குள்ள எழுத்துல விளக்கம் குடுங்க" என்றார் நீதிபதி.

'தலைசுற்றல்' என்று ஒன்று அடித்தாள். கிழித்தாள். 'திடீர் உடல்நலக் குறைவு' என்று இன்னொன்று. அதையும் கிழித்தாள். மூன்றாவதில் மூன்றே வரி: 'எனக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. நான்கு வருடமாக இப்படி. இன்று போய்ச் சேர்வதற்குள் உடை நனைந்துவிட்டது.'

நீதிபதி படித்தார். கோப்பில் வைக்காமல் மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "டாக்டரப் பாத்தீங்களா?"

"மாத்திரை குடுத்தாங்கய்யா. கேக்கல."

"வேற டாக்டரப் பாருங்க."

மறுநாள் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிட இடைவேளை விட்டார். காரணம் சொல்லவில்லை. முதல் இடைவேளையில் அவளுக்கு முன்னால் வேகமாக வெளியே போனவர்கள் இரண்டு வக்கீல்கள்.

புது டாக்டர் ஒரு பெண். "மூத்திரப்பைக்குப் போற நரம்பும் காலுக்குப் போற நரம்பும் முதுகுத்தண்டுல ஒரே இடத்துலதான் கிளம்புது. கணுக்கால்ல மெல்லிசா ஒரு ஊசி வச்சு லேசா கரண்ட் குடுப்போம். அரை மணி நேரம், வாரம் ஒரு தடவை, பன்னெண்டு வாரம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

உள்ளங்கால் குறுகுறுத்தது. பெருவிரல் தானாகத் துடித்தது. அவ்வளவுதான். வியாழக்கிழமைதோறும் போனாள். நாலாவது வாரம் அண்ணி படிக்கட்டில் மறித்தாள்.

"வாராவாரம் எங்கதான் போற?"

பொய் யோசிக்க அலுப்பாக இருந்தது. சொல்லிவிட்டாள். அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொந்தக்காரங்க பூராவும் உன்னத் திமிர் பிடிச்சவன்னு சொல்லி வச்சிருக்கேனே."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"இதைச் சொல்றதுக்கு அந்தப் பேரு தேவலன்னு தோணிச்சு."

 அடுத்த வியாழன் அண்ணியும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஆறாவது வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்றாள். "பாதி ஆத்துல பரிசல விட்டு இறங்குவாங்களா யாராவது?" என்று அண்ணி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். எட்டாவது வாரம், கழிப்பறை போகும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடும்படி டாக்டர் சொன்ன நோட்டில் ஒரு நாளைக்குப் பதினாலு கோடுகள் இருந்தது பத்தானது. பன்னிரண்டாவது வாரம் எட்டு. துணி நனைவது வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. மாதம் ஒரு தடவை ஊசி தொடர வேண்டும் என்றார் டாக்டர். முழுசாகப் போகவில்லை. ஆனால் முட்டும்போது இப்போது கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசம் முதன்முதலாகக் கிடைத்த அன்று அவள் கழிப்பறையில் நின்று அழுதாள்.

அண்ணியின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது இருவரும் மூன்று மணி நேர பஸ் பயணம் கிளம்பினார்கள். மாற்றுத்துணி பையில் இருந்தது. பாதி வழியில் டீ குடிக்க பஸ் நின்றது. அவள் நிதானமாக இறங்கினாள். பின்னாலிருந்து அண்ணி முண்டியடித்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளு, தள்ளு. எனக்கு ஒரு தும்மல் வந்தாலே போச்சு."

"எத்தனை நாளா அண்ணி?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். பையப் பிடி."

அவள் பையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு வெளியே காத்து நின்றாள்.