மாஸ்டரின் வலது கை

ஸ்டேஷனுக்கு போன் வந்தபோது காலை பத்தரை மணி. தையல் கடை மாடியில் ஒருவர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார், வெளியே வர மறுக்கிறார். கூப்பிட்டது அவருடைய தங்கை.

போனவர்கள் இருவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கியிருந்த ஏட்டு, வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதமான கான்ஸ்டபிள். அவனை எல்லோரும் நெட்டை என்பார்கள்.

தங்கை படியிலேயே மறித்தாள். "மாத்திரைய நிறுத்திட்டான் சார். மூணு நாளா தூக்கமில்ல. சட்டை லேபிள் எல்லாம் தன்னைப் பத்திப் பேசுதாம், ஒவ்வொண்ணா வெட்டிட்டு இருக்கான். யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டான். சத்தம் மட்டும் போட்டுடாதீங்க. மாஸ்டர்னு கூப்பிடுங்க, திரும்பிப் பார்ப்பான்."

"நாங்க பாத்துக்கறோம். நீங்க கீழ போங்கம்மா," என்றார் ஏட்டு.

கதவு ஒருக்களித்திருந்தது. சட்டைக் குவியலுக்கு நடுவே இருந்த மாஸ்டர், காக்கியைக் கண்டதும் கத்தரிக்கோலும் கையுமாக எழுந்தார்.

'மாஸ்டர்' என்ற சொல் நெட்டையின் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"போடு! கீழ போடு!"

பயிற்சி மைதானத்தில் வைக்கோல் பொம்மையைப் பார்த்து மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்திய கட்டளை. மூன்று முறை சொல், கேட்காவிட்டால் அடி. மனநிலை சரியில்லாதவர்களைப் பற்றியும் ஒரு வகுப்பு இருந்தது. அரை நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள்.

மாஸ்டர் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தப் போனார். வலது கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. நெட்டையின் கண்ணுக்குத் தெரிந்தது ஓங்கிய கை மட்டும்தான். மூன்றாவது முறை சொல்வதற்குள் லத்தி இறங்கிவிட்டது.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் சட்டைகள் மேல் சரிந்தார். "ஏன் எல்லாரும் கத்துறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

மருத்துவமனை வராந்தாவில் தங்கை நெட்டையிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

"உங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையா தம்பி?"

"தந்தாங்க. அரை நாள்."

"இனிமே கூப்பிட மாட்டேன்," என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

திரும்பும்போது ஏட்டு ஜீப்பில் சொன்னார்: "சட்டியில இருந்தாத்தான்யா அகப்பையில வரும். விடு."

விசாரணையில், கான்ஸ்டபிள் பயிற்சிப்படியே நடந்துகொண்டார் என்று எழுதினார்கள். நெட்டை பயிற்சிப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு மனு கொடுத்தான். அந்த அரை நாளை ஒரு வாரமாக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வெளிய நல்லா வேலை பாக்கிறவன எதுக்குய்யா வாத்தியாராக்கணும்?"

மாஸ்டரின் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அவருக்கு நோய் மறுபடி முற்றியபோது ஸ்டேஷனுக்கு போன் வரவில்லை. நான்கு நாள் தங்கை தனியாக அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் நெட்டைக்குத் தெரிந்தது. அந்தத் தெரு வரை போனான். மாடிப்படி ஏறக் கால் வரவில்லை.