எந்த க்ளிக்கில் வலிக்கிறது

மூன்றாவது சுற்று முடிந்து பைக்கிலிருந்து அவள் இறங்கியதும் இரண்டு ஆண்களும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் கணவர்.

"நல்லா இருந்துச்சு."

"நல்லான்னா? போன சுத்தவிடவா?"

போன சுற்று எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

"அதைவிட மெத்துன்னு இருந்துச்சு."

அவள் தம்பி தொடையில் தட்டிக்கொண்டான். "நாலே நாலு க்ளிக் தளர்த்துனேன். கையால திருகுனது. சொன்னேனா இல்லையா மாமா?"

அது தம்பியின் பட்டறை. அவன் சஸ்பென்ஷன் வேலை, அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் வேலை மட்டும்தான் பார்ப்பான். எஞ்சினில் சத்தம் என்று யாராவது வந்தால் எதிர்க்கடைக்குக் கை காட்டிவிடுவான். வாசலில் இரண்டு பைக்குகள் நின்றன. இரண்டும் நெடும்பயணத்துக்கு ஆனவை, குதிரை உயரம், பின்னால் இரண்டு பக்கமும் தகரப் பெட்டி. ஒன்றில் கைப்பிடிப் பொத்தானை அழுத்தினால் சஸ்பென்ஷன் தானாக இறுகும், தளரும். மற்றதில் சீட்டுக்கு அடியில் ஒரு திருகு. கையால் திருக வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு க்ளிக்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சென்சாரை நம்பாமல் அவரால் ஒரு மாடிகூட ஏற முடியாது. அவருக்குப் பொத்தான் வண்டி. தம்பி தன் விரலைத் தவிர எதையும் நம்பியதில்லை. அவனுக்குத் திருகு வண்டி. இரண்டில் ஒன்றை வாங்கி, கணவனும் மனைவியுமாகப் பன்னிரண்டு நாள் ஊர் சுற்றுவதாக ஏற்பாடு. பொத்தான் வண்டிக்காரர் மாலைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அவள் முதுகில் கத்தி வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. டாக்டர், "போகலாம். வலிச்சா வேண்டாம்" என்றார். கணவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். இன்று வலித்தால் பயணம் கிடையாது. எக்ஸ்ரே அறையில் அவளுக்கு வேலை. ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு நாள் லீவுக்குக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். காலண்டரில் அந்தப் பன்னிரண்டு கட்டங்களைத் தினமும் ஒரு முறை பார்ப்பாள்.

வலித்தது. எல்லாச் சுற்றிலும் வலித்தது. கொஞ்ச தூரம் போனதும் போய்விட்டது. எந்த வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். அதைச் சொன்னால் லீவு போச்சு. அதனால் இவர்களிடம் கற்றுக்கொண்ட வார்த்தைகளையே இவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இறுக்கம். துள்ளல். மெத்து.

"ஒரு நிமிஷம்" என்றார் கணவர். முகம் சரியில்லை. "நீ திருகிட்டுத் தண்ணி குடிக்கப் போனியே?"

"ஆமா."

"நான் நாலு க்ளிக் திருப்பி இறுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"இறுக்கமா இருந்தா முதுகுக்கு நல்லதுன்னு பட்டுச்சு."

"திருகைத் தொட்டீங்களா? நீங்களா?" தம்பி விரல் விட்டு எண்ணுவது போல் கையைத் தூக்கி, அப்படியே நிறுத்தினான். "அப்ப இந்த வண்டியில போன ரெண்டாவது சுத்தும் மூணாவது சுத்தும் ஒண்ணுதான். எதுவுமே மாறல."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

தம்பி விடவில்லை. "சரி, மொத சுத்துல பொத்தான் வண்டியில நடு வழியில மோடு மாத்துனீங்களே. மாத்தும்போது ஆக்ஸிலரேட்டர விட்டீங்களா?"

"எதுக்கு விடணும்?"

"விட்டாத்தான் மாறும். அதுவரைக்கும் திரையில எழுத்து மின்னிக்கிட்டே இருக்கும்."

"மின்னுச்சு" என்றார் கணவர். "அழகா இருக்கேன்னு பாத்துக்கிட்டே ஓட்டிட்டேன்."

"அக்கா அந்த இடத்துலேர்ந்து சொர்க்கம்னு சொன்னாளே!"

கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப வலி இல்லன்னு சொன்னது?"

அவளுக்கு முகம் சூடானது.

"ஆளுக்கொரு பக்கம் திருகிட்டு என்னைக் கேட்டா? நான் என்ன தராசா?"

"கோவப்படாதம்மா. வேண்டாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்ற சொல்லை அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னார். அவள் திரும்பி நடந்தாள். போக இடமில்லை. பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் பழைய ஸ்பிரிங்குகள் கிடந்தன. திருகு வண்டியின் பின் சீட்டில் உட்காரலாம் என்று மிதியில் இடது காலை வைத்து, வலது காலைப் பெட்டிக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

வலித்தது.

எஞ்சின் ஓடவில்லை. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்தாள். பிறகு இறங்கினாள். மறுபடி ஏறினாள். அதே இடத்தில், கால் பெட்டியைத் தாண்டும் அந்த நொடியில், வலித்தது. இறங்கிப் போய்ப் பொத்தான் வண்டியில் ஏறினாள். அங்கும் அதே.

தினமும் முழங்காலைக் காட்டிக்கொண்டு வருகிறவர்களைப் படம் எடுக்கிறாள். பாதிப் பேருக்குக் கோளாறு இடுப்பில் இருக்கும். தனக்கென்று வரும்போது புத்தி எங்கே போனது?

"என்ன பண்றா அங்க, ஏறி ஏறி எறங்கிக்கிட்டு?" என்றான் தம்பி.

"ஓடும்போது வலிக்கல. ஏறும்போதுதான் வலிக்குது. அது கொஞ்ச தூரம் கூடவே வருது."

கணவர் சந்தேகமாகப் பார்த்தார். "இதுவும் மெத்துன்னு சொன்ன மாதிரியா?"

"பொய் சொல்றதா இருந்தா வலிக்கலன்னுல்ல சொல்லுவேன்?"

அவர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பெட்டியக் கழட்டிட்டா?" என்றார்.

"பன்னிரண்டு நாள் துணிய உங்க தலையிலயா வைக்கிறது?" என்றான் தம்பி. அதற்குள் குனிந்துவிட்டான். "ஸ்பிரிங்க தளர்த்துனா பின்பக்கம் ரெண்டு விரல் எறங்கும் மாமா. நீங்க முன்னாடி ஏறி உக்காருங்க. அக்கா ஏறுனப்புறம் திரும்ப இறுக்கிக்கலாம்."

"என் வண்டியில அதுக்குப் பொத்தானே இருக்கு."

"என் வண்டியாம்! இன்னும் வாங்கவே இல்ல."

கணவர் பொத்தான் வண்டியை ஸ்டார்ட் செய்தார். திரையில் இரண்டு ஆள் எடைக்கு என்று இரண்டு ஹெல்மெட் படம் இருந்தது. அழுத்தினார். ஒரு ஹெல்மெட் ஆனது. உள்ளே எங்கோ ஒரு மோட்டார் முனகியது. "பதினோரு செகண்ட்" என்றார். தம்பி திருகைச் சுழற்றினான். க்ளிக் க்ளிக் என்று ஓடியது. அவனுக்கு இருபத்தைந்து செகண்ட் ஆனது.

"மோட்டார் படுத்துச்சுன்னா?"

"உன் விரல் சுளுக்குனா?"

அவள் பொத்தான் வண்டியில் ஏறினாள். வலிக்கவில்லை. வலிக்கவில்லையா, வலிக்குமோ என்று காத்திருந்ததில் கவனிக்கவில்லையா என்று தெரியவில்லை. இறங்கித் திருகு வண்டியில் ஏறினாள். கணவர் முன்னால் உட்கார்ந்து அவள் எடைக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டார். வலிக்கவில்லை. இது குறைவா, அது குறைவா? இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றை எடுத்தால் மற்றது மறந்துபோனது.

கணவரின் போன் அடித்தது. பொத்தான் வண்டிக்காரர்.

"என்ன சொல்றது?" என்று கணவர் தலையைத் திருப்பினார். "சீக்கிரம் சொல்லு."

"இதுல உக்காந்திருக்கேன்ல. இதையே வாங்குங்க."

"ஏன் இது? காரணம் சொல்லு."

"தெரியல."

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தான்.

"இதுல ஒவ்வொரு தடவையும் நான் எறங்கித் திருகணும்" என்றார் கணவர். "ஒரு நாளைக்கு எட்டு எடத்துல நிப்போம். ஏற எட்டு, எறங்க எட்டு. எட்டும் எட்டும் பதினாறு. என் முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"நான் ஏறியாச்சு" என்றாள். "நீங்க குனிங்க."