தொரை சாப்டானா?

வாழப்பழத்த மசிச்சு, ஓட்ஸ மிக்ஸில பொடி பண்ணிப் போட்டு, ஒரு முட்டைய ஒடச்சு ஊத்தி, உப்பு சக்கரை எதுவும் சேக்காம பெசஞ்சு, டம்ளர் வாயால வட்டம் வட்டமா வெட்டி ஓவன்ல வெச்சு எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வீடே மணக்குது. தெருவுல போன நாய் ரெண்டு கேட்டுகிட்ட வந்து நின்னு மூக்க நீட்டுது. ஆனா யாருக்காக வேல மெனக்கெட்டு செஞ்சனோ, அந்த மகாராசா மட்டும் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு வாசக்கதவையே பாத்துட்டுப் படுத்திருக்கான்.

இவன்தான் தொரை. எங்க அக்காவோட நாய். கால் மேல கால் போட்ட மாதிரி ஒரு தினுசா படுப்பான், அதனால அந்தப் பேரு. அக்காவுக்கு ஏழாம் மாசம். பிரஷர் ஏறிப்போச்சு, எத சாப்டாலும் வாந்தி. பெட்ட விட்டு எறங்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில படுக்க வெச்சுட்டாங்க. கூட ஒரு ஆள்தான் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க, அதனால மாமா இருக்காரு. அம்மா போயிருப்பாங்க, ஆனா அவங்க கால்ல மாவுக்கட்டு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இப்ப நாற்காலில உக்காந்தே ஆட்சி பண்றாங்க. ஸோ, நான் போய் தொரைய கார் புடிச்சு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

கெளம்பும்போது அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "வாலு, அவனுக்கு பழம்னா உயிரு. நல்லா பாத்துக்கடி."

வாலு நான்தான். நல்லா பாத்துக்கறேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். வந்த நாள்லேருந்து அவன் தண்ணி குடிக்கறதோட சரி. சோறு வெச்சா வேணாம், கறி வெச்சா வேணாம். எப்பவாவது முட்டை வெள்ளைய விரல்ல எடுத்து வாய்ல தடவினா மட்டும் ரெண்டு நக்கு நக்குவான், அதுவும் ஏதோ எனக்காக பாவம் பாத்து.

பழம்னா உயிருன்னு சொன்னாளேன்னு நெட்ல தேடினேன். நாய்ங்களுக்குப் பழம் போட்டு பிஸ்கட் செய்யறது எப்படின்னு ஆயிரம் பேரு வீடியோ போட்டிருக்காங்க. அதுல வர்ற நாயெல்லாம் வால ஆட்டிட்டு ஓவன் முன்னாடி டான்ஸ் ஆடுது. நானும் எறங்கிட்டேன். மொதல்ல வாழப்பழம். அப்புறம் பப்பாளி. அது மாவு கொழகொழன்னு ஆயி தட்டோட ஒட்டிக்கிச்சு, கரண்டியால சுரண்டி எடுத்தேன். அப்புறம் தர்பூசணி, அது பிஸ்கட்டாவே ஆகல, கஞ்சியா போச்சு.

"கொஞ்சம் கிஸ்மிஸ் போட்டுப் பாருடி, வாசனையா இருக்கும்"னாங்க அம்மா.

"அம்மா! திராட்சை, கிஸ்மிஸ் எல்லாம் நாய்க்கு விஷம்மா! கிட்னி போயிடும்!"

"எனக்கென்னடி தெரியும், நான் நாய்க்கா இத்தன வருஷம் சமைச்சேன்?"

"ஆமா, எனக்குத்தான் சமைச்சா"ன்னு அப்பா முன்ரூம்ல மெஷின் மிதிச்சுக்கிட்டே குரல் குடுத்தாரு.

அப்பா டெய்லர். தொரை வேணாம்னு ஒதுக்கற பிஸ்கட் எல்லாம் அவருக்குத்தான் போகுது. டீல நனச்சு சாப்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் உப்பு போட்டா நான் கடையே வெச்சிடுவேன்"பாரு. துணி தைக்க வந்த ஒரு அம்மாவுக்கும் ரெண்டு குடுத்திருக்காரு. அவங்க டயட் பிஸ்கட்டான்னு கேட்டு இன்னும் ரெண்டு எடுத்துட்டுப் போனாங்களாம். நான் என்னத்த சொல்ல.

ஆனா அப்பா சிரிக்கறதெல்லாம் வாயோட சரி. போன மழைக்கு அவர்தான் தொரைக்கு ரெயின்கோட் தைச்சுக் குடுத்தாரு, அவன் அளவு அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் நான் அடுப்படிலேருந்து எட்டிப் பாக்கறேன், மனுஷன் கழுத்துல கெடந்த டேப்ப எடுத்து அவன் வயித்த சுத்திப் புடிச்சுப் பாக்கறாரு. பாத்துட்டு டேப்ப மறுபடி கழுத்துல போட்டுக்கிட்டாரு.

"எவ்ளோப்பா?"

"கோட்ட புடிச்சுத் தைக்கணும்." அவ்ளோதான் சொன்னாரு.

நாய் டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டு ஓடினேன். ரத்தம் எடுத்தாங்க, வயித்த அமுக்கினாங்க, பல்லப் பாத்தாங்க. "ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா. அவங்களத் தேடுறான். வீட்ல எப்படி சாப்டுவான், யாரு வெப்பாங்க, ஏதாவது பழக்கம் இருக்கான்னு உங்க அக்காவ ஒரு வார்த்த கேளுங்களேன்."

"கேக்க முடியாது டாக்டர்."

"ஏன்?"

"அவன் நல்லா சாப்ட்றான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஆனா நான் வேற என்ன செய்ய? அக்காவுக்கு டென்ஷனே குடுக்கக்கூடாதுன்னு பெரிய டாக்டர் மாமாகிட்ட கண்டிஷனா சொல்லிருக்காரு. தொரை பட்டினி கெடக்கான்னு தெரிஞ்சா டிரிப்ஸ் ஊசியப் புடுங்கிட்டு பஸ் ஏறி வந்துடுவா அவ. மாமாவ கேக்கலாம்னா, அவரு வயித்துல ஒரு ரகசியமும் நிக்காது. இதனாலயே, எப்படிச் சாப்டுவான்னு கேக்கவேண்டிய அந்த ஒத்த கேள்விய என்னால வாயத் தொறந்து கேக்க முடியல. பொய்ய நானே கட்டி அதுக்குள்ள நானே மாட்டிக்கிட்டேன்.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏத்திட்டு, "நாளைக்குள்ள தானா எதையாவது சாப்ட்டா சரி. இல்லன்னா கூட்டிட்டு வந்துடுங்க, மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். இதுக்கு மேல விட்டா தாங்க மாட்டான்"னு சொல்லிட்டாங்க.

டெய்லி அக்கா ஃபோன் பண்ணுவா. அவ குரல் காதுல விழுந்தா தொரை ஊளை விட்டுடுவானோன்னு பயம், விட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். அதனால ஃபோன் வந்தா நான் அம்மா ரூமுக்குள்ள ஓடிப்போய் கதவச் சாத்திட்டுத்தான் பேசறது. எப்பவும் ஒரே டயலாக்தான்.

"தொரை சாப்டானா?"

"வெளுத்துக் கட்டறான். நீ சாப்டியா?"

"ம், சாப்டேன். நல்லாத்தான் சாப்ட்றேன். அம்மாகிட்ட குடு."

அன்னிக்கு ஆப்பிள். டாக்டரம்மா குடுத்த கெடுவுக்கு அதான் கடைசி நாளு. கொட்டைய ஒண்ணு விடாம எடுத்துட்டு (அதுவும் ஆகாது அவனுக்கு), தோல சீவி, துருவி, தண்ணிய ஒட்டப் புழிஞ்சு, ஓட்ஸ் மாவுல போட்டு ஒரு தட்டு சுட்டு எடுத்து ஆற வெச்சேன். ஆறினதுல ரெண்ட எடுத்து தொரை மூக்குக்குக் கீழ வெச்சேன். மோந்தான். வாய் ஓரமா எச்சில் நூலு மாதிரி எறங்குது. பசி இல்லாமயாடா எச்சில் ஊறுது? அப்படியே நிமிந்து என்னைப் பாத்தான். அப்புறம் வாசல. எதையோ கேக்கறான். எனக்குப் புரியல. நாயா பொறந்திருந்தா புரிஞ்சிருக்கும்.

"தின்னுடா. என் செல்லம்ல. என் தங்கம்ல. டேய், இப்ப தின்னப் போறியா இல்லியா? உன் கால்ல வேணா விழறேன்டா."

"கால்ல விழுந்தும் பாத்தாச்சுடி நேத்து"ன்னாங்க அம்மா.

அடுத்த தட்டுக்கு மாவப் பெசஞ்சுட்டிருக்கேன், முழங்கை வரைக்கும் ஈஷிக்கிச்சு. அப்பப் பாத்து ஃபோன் அடிக்குது. ஃபோன் அம்மா மடில. அம்மாவுக்கு ஃபோன்ல ஸ்பீக்கர அமுக்கத் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது.

"அம்மா, இரு, கதவு..."

அதுக்குள்ள அமுக்கிட்டாங்க.

"என்னம்மா பண்றீங்க எல்லாரும்? தொரை சாப்டானா?"

அக்கா குரல் அடுப்படி முழுக்க கேக்குது. தொரை காது ரெண்டும் விறைச்சு நிக்குது. நான் மாவுக் கையோட வேணாம் வேணாம்னு சைகை காட்டறேன்.

"அவனுக்கென்ன கேடு, ராஜா மாதிரி இருக்கான். நீ சாப்டியா கண்ணு?"

"நான் சாப்டேன்மா."

தொரை எந்திரிச்சான். காலு தள்ளாடுது, ஆனாலும் எந்திரிச்சு நின்னு, குனிஞ்சு, என் கண்ணு முன்னாடியே ஒரு பிஸ்கட்ட எடுத்து கடக்குன்னு கடிச்சான்.

"அம்மா! சாப்ட்றான்! சாப்ட்றான்மா! அப்பா, ஓடி வாங்க, தொரை சாப்ட்றான்!"

அப்பா கத்திரிக்கோலோட ஓடி வர்றாரு. அம்மா நாற்காலிலேருந்து எந்திரிக்கவே பாத்தாங்க. நான் குதிக்கறேன். தொரை மென்னு முழுங்கிட்டான்.

ஃபோன்லேருந்து அக்கா கேட்டா, மெதுவா. "சாப்டா இப்படிக் கத்துவாங்களா? டெய்லி சாப்ட்றான்னுதானடி சொன்ன?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபோனுக்குள்ள வேற ஒரு பொம்பளக் குரல். நர்ஸு போல. "என்னம்மா, தட்டு வெச்சது வெச்சபடியே இருக்கு? ஒரு வாய் கூட வெக்கல? காலைலயும் இப்படியேதான திருப்பி அனுப்பினீங்க?"

அம்மா மொகம் எப்படி ஆச்சுன்னு எனக்கு எழுத வரல.

"வாலு, அவன் எத்தன நாளா சாப்டல?"

"நீ எத்தன நாளா சாப்டலக்கா?"

அவ மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும் வந்துச்சு.

அப்புறம் அவதான் பேசினா. தொரை குட்டியா இருக்கும்போது அவ தட்டுல பாஞ்சு வாய வெச்சுடுவானாம். அதுக்காகப் பழக்கினாளாம். மொதல்ல அவ சாப்டு முடிப்பா. காலித் தட்டக் காட்டி, நான் சாப்டேன்னு சொல்லுவா. சொன்னாத்தான் அவன் அவனோடத தொடணும். ஒரு தடவ சொன்னா ஒண்ணுதான். அப்படியே ஊறிப்போச்சாம்.

"சொல்லலியாடி நான்? கெளம்பற அவசரத்துல மறந்துட்டேன் போல. ஆனா நீ கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக்கா கேப்பேன்?"

அம்மா ஃபோன மொகத்துகிட்ட கொண்டுபோயி, "கண்ணு, ரெண்டு வாய் சாப்டுமா. அம்மாவுக்காக"ன்னாங்க.

"முடியலமா. வாசன பட்டாலே வருது."

"ஒரே ஒரு வாய்."

அப்புறம் ஸ்பூன் தட்டுல படற சத்தம். நாங்க மூணு பேரும் மூச்ச விடாம கேக்கறோம். தொரையும் தலையச் சாய்ச்சுக்கிட்டு கேக்கறான். ஒரு நிமிஷம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் இருமல், குமட்டல், ஏதோ கீழ விழுந்து உருளுற சத்தம். "அப்புறம் பேசறோம் அத்தை"ன்னு மாமா குரல். கட் ஆயிடுச்சு.

ரெண்டாவது பிஸ்கட் அங்கயே கெடக்கு. தொரை அதுக்கு முன்னாடி உக்காந்துட்டு ஃபோனையே பாக்கறான்.

"அவ சொன்னத ரெக்கார்டு பண்ணிருக்கணும். ச்சே! இரு, மாமாவுக்கு மெசேஜ் போடறேன், நான் சாப்டேன்னு அக்காவ ஒரு வாய்ஸ் மட்டும் அனுப்பச் சொல்லி..."

"சாப்டாதவள இன்னொரு தடவ சாப்டேன்னு சொல்லச் சொல்லுவியா?"ன்னாங்க அம்மா.

நான் ஃபோன கீழ வெச்சுட்டேன்.

அப்புறம் எனக்குத் தோணுச்சு. கைய கழுவிட்டு தரைல தொரைக்கு எதுத்தாப்ல உக்காந்து, ஒரு பிஸ்கட்ட எடுத்து கடிச்சேன். அவ்ளோ நாளு செஞ்சேனே தவிர நான் வாய்ல வெச்சதே இல்ல. சப்புன்னு, மண்ணு மாதிரி இருந்துச்சு. மென்னு முழுங்கி, வெறுங்கையக் காட்டி, "நான் சாப்டேன்டா"ன்னேன். அவன் என்னைப் பாத்தான். மறுபடி ஃபோனப் பாத்தான்.

அப்பா முழங்கால மடக்கி என் பக்கத்துல உக்காந்தாரு. ஒண்ணு எடுத்து, இந்த தடவ டீ இல்லாம மென்னாரு. "டேய் தொரை, நானும் சாப்டேன்டா. பாரு." வாயத் தொறந்து காட்டறாரு, சின்னப் புள்ள மாதிரி. அம்மா நாற்காலிலேருந்தே கைய நீட்டினாங்க, அவங்களுக்கும் ஒண்ணு குடுத்தேன். தின்னுட்டு, அக்கா மாதிரியே குரல மாத்தி, "நான் சாப்டேன்மா"ன்னாங்க.

தொரை வாய்லேருந்து எச்சில் சொட்டி பிஸ்கட் மேலயே விழுது. தொடல.

அம்மா ஃபோன எடுத்து என்கிட்ட குடுத்து, "அவன் பக்கத்துல வை"ன்னாங்க. வெச்சேன். பிஸ்கட் பக்கத்துல ஃபோனு. அவன் குனிஞ்சு ஃபோன மோந்து பாத்துட்டு, அது மேல மொகவாய வெச்சுப் படுத்துட்டான்.

"பண்ணுவா"ன்னாரு அப்பா. கைல டேப்ப சுருட்டி சுருட்டி விடறாரு. "சரியானதும் பண்ணுவா."

தட்டுல இன்னும் நெறைய பிஸ்கட் இருந்துச்சு. நாங்க ஆளுக்கொண்ணு எடுத்து மென்னுக்கிட்டே, ஃபோனையே பாத்துட்டு உக்காந்திருந்தோம்.