பாத்தாச்சு

...இல்லை, நூற்றில் ஒருவருக்கு இருக்கும், விலா எலும்பு நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தால் அது தம்பியாகத்தான் இருக்க வேண்டுமா என்ன, படத்தில் பெயர் கிடையாது, வயது கிடையாது, ஆய்வு என்றால் அப்படித்தான், விபத்தில் அடிபட்டு வந்தவர்களின் பழைய ஸ்கேன் படங்களை ஆள் தெரியாமல் மறுபடி பார்த்து, உள்ளே இரத்தக் கசிவு 'உண்டு', 'இல்லை' என்று அழுத்த வேண்டும், ரேடியாலஜிஸ்டான அவளுக்கு அவ்வளவுதான் வேலை. தம்பிக்கும் அப்படியொரு எலும்பு இருந்தது. உனக்கு எலும்பும் கூட, கொழுப்பும் கூட என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை வாரியிருப்பாள்... சும்மா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, கீழே இறங்கு. இறங்கினாள். மண்ணீரலைச் சுற்றி ஒரு சாம்பல் பட்டை, கசிந்த இரத்தம், மெல்லியதுதான், ஆனால் பார்த்தவர் கண்ணுக்குத் தப்பாது... இன்னும் கீழே, இடுப்பருகே, கால்சட்டைப் பையில், பளீரென்று ஒரு விசில். உள்ளே உருண்டையோடு. அவசரத்தில் பையைக்கூடத் துழாவாமல் படுக்க வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கிற விளையாட்டு வாத்தியார், அவனைத் தவிர வேறு யார்? அந்த விசில் இப்போது அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

தம்பி பைக்கில் அடிபட்ட அன்று அவள் வெளியூரில் இருந்தாள். இதே ஆஸ்பத்திரியில் சர்ஜனாக இருக்கும் கணவர்தான் போனில் பேசினார், பதறாமல், நிதானமாக. "படமெல்லாம் பாத்தாச்சு. பயப்பட ஒண்ணுமில்ல, நீ மெதுவா கெளம்பி வா." அவள் வந்து சேர்வதற்குள் தம்பி போய்விட்டான். திடீரென்று உள்ளே கசிய ஆரம்பித்துவிட்டது என்றார், நம்பினாள். பாத்தாச்சு என்றாரே... யார் பார்த்தது? அந்த வார்த்தையில் ஆளே இல்லையே. அவர் பார்த்தாரா, அன்று டியூட்டியில் இருந்தவர் பார்த்தாரா, யாருமே பார்க்காமல்... இத்தனை வருடமாக இதைக் கேட்கத் தோன்றவில்லை பார், என்ன படித்து என்ன. இந்த ஆய்வை நடத்துவதும் அவர்தான். படங்களைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதாம். நிஜமாகவே குலுக்கியதா? தெரிந்த ஆளின் படம் வந்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி, அவள் ஒதுக்கினால் இது ஆய்வுக் கணக்கிலேயே வராது, அதற்காகத்தான் அவளிடம் தள்ளிவிட்டாரா, இல்லை, தன் வாயால் சொல்ல முடியாததை அவள் கண்ணால் பார்க்கட்டும் என்றா... வழக்கமில்லாத வழக்கமாகக் காலையில் காபி போட்டுக் கொடுத்தாரே, அது எதற்கு? சீ, காபியில்கூடவா சந்தேகம். ஆனாலும் எதற்கு?

கதவு திறந்தது. அவர்தான். உள்ளே வரவில்லை, தலையை மட்டும் நீட்டினார். திரையைப் பார்த்தாரா, அவளைப் பார்த்தாரா... விரல் தானாகப் போய் 'உண்டு' என்பதை அழுத்தியது. அதுதான் கடைசிப் படம், திரை கறுத்தது.

"இன்னிக்குப் படமெல்லாம் முடிஞ்சுதா?"

"பாத்தாச்சு," என்றாள். எவ்வளவு லேசாக வருகிறது வாயில். அவர் கதவை மெல்லச் சாத்தினார். யார் பார்த்தது என்று அவரும் கேட்கவில்லை.