மேற்கு அறை வாசலில் ஒரு வட்டம்

விடிந்ததும் அக்கா சியூயுன் ஹோட்டல் படுக்கையின் மேல் அப்பாவின் கோட்டை விரித்து வைத்தாள். நீலக் காகிதக் கோட்டு, இரண்டு தாளுக்கு நடுவே பஞ்சு வைத்து அவளே ஒட்டியது. சீன நாட்காட்டியில் பத்தாம் மாதம் முதல் நாளன்று, செத்தவர்களுக்குக் குளிருடுப்பை எரித்து அனுப்ப வேண்டும். பெய்ஜிங்கில் மற்றவர்கள் தெருமுனையில் கொளுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். அக்காவுக்கு அது போதவில்லை. நாங்கள் குடியிருந்த இந்த முற்றத்து வீட்டை ஹோட்டலாக்கி, எங்களைப் பதினாறாவது மாடிக்கு அனுப்பி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பா அவள் கனவில் வந்து குளிருகிறது என்கிறாராம். அவர் உயிர்விட்டது இந்த மேற்கு அறையில்தான். புது விலாசம் தெரியாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று அதே அறையை எடுத்து ஓர் இரவு தங்கினோம்.

எனக்கு அதில் ஆசையில்லை, ஆனால் அக்காவிடம் யார் பேசி ஜெயிப்பது. ஏழு குடும்பம் ஒரே குழாயில் பல் தேய்த்த முற்றத்தில் இப்போது மூங்கில் தொட்டிகள். சீமைப்பனிச்சை மரம் மட்டும் அப்படியே நிற்கிறது, பழம் பறிக்கக் கூடாது என்ற பலகையோடு.

வரவேற்பில் இருந்த பெண் தெங் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "ஏழரைக்குள்ள முடிச்சிருங்கக்கா. மேனேஜர் பாத்தாருன்னா, எனக்கும் சேத்து ஒரு கோட்டு கொளுத்த வேண்டி வரும்."

"உன் அளவு சொல்லிட்டுப் போம்மா," என்றாள் அக்கா. பிறகு என்னிடம் சுண்ணக்கட்டியை நீட்டினாள். "எனக்கு முட்டி மடங்கல. நீயே வட்டம் போடு, பாவ்ச்சுவான். வெளிவாசல் பக்கமா ஒரு சாண் விட்டுடு. அது வழியாத்தான் அப்பா வெளிய வரணும்."

"அம்பத்திரெண்டு வயசாச்சுக்கா. இதுகூடவா தெரியாது."

அறை வாசலில் குந்தினேன். ஒன்பது வயதில் ஏழாம் வாய்ப்பாடு வராததற்கு அப்பா என்னைப் பனியில் நிறுத்திய இடம் இதுதான். உள்ளே அடுப்பருகே இருந்துகொண்டு அவ்வப்போது ஜன்னலைத் தட்டி, "ஏழெட்டு எவ்வளவுடா?" என்பார். கால் மரத்துப்போகாமல் இருக்க நான் இங்கேயே சுற்றிச்சுற்றி நடந்தேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் செத்த அன்று நான் அழுதேன், ஆனால் நிம்மதியாகவும் இருந்தது.

வட்டத்தின் நடுவில் வைத்துக் கொளுத்தியதும் கோட்டு சீக்கிரம் எரிந்தது. பஞ்சுதான் கொஞ்ச நேரம் கனன்றது. அக்கா குனிந்து பேசினாள். "போட்டுக்கங்கப்பா. மேல் பட்டனையும் போடுங்க. எங்ககூட வந்துடுங்க. பதினாறாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு, பயப்படாதீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் நேரே வெளிவாசலுக்கு நடந்தாள்.

நான் வாளித் தண்ணீரை ஊற்றப் போனபோதுதான் கவனித்தேன். வட்டத்தில் இடைவெளி இல்லை. பழக்கதோஷத்தில் கை தானாகச் சேர்த்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கோடு சேர்கிற இடத்தில் சுண்ணக்கட்டியை இரண்டு தடவை அழுத்தி இழுத்திருந்தேன்.

காற்று இல்லை. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. வட்டத்துக்குள் சாம்பல் மட்டும் எழுந்து, சுண்ணக்கட்டிக் கோட்டை ஒட்டியே மெல்ல நகர்ந்தது. வெளிவாசல் பக்கம் வந்ததும் நின்றது. அதைத் தடவிப் பார்ப்பதுபோல அங்கேயே கொஞ்சம் துழாவியது. பிறகு மறுபடி சுற்றத் தொடங்கியது.

"அப்பா, நெலப்படி ஒசரம், பாத்து வாங்க," அக்கா வாசலில் கதவைப் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். "தம்பி, பின்னாடி வர்றாரா?"

ஒரு காலால் தேய்த்தால் போதும். சுண்ணக்கட்டி என் சட்டைப்பையில் கனத்தது.

"வர்றாருக்கா," என்றேன். "நீ நட."

சாம்பல் இன்னொரு சுற்று வந்து, அதே இடத்தில் நின்றது.