கிறிஸ்டினா பேச்சைக் குறைத்தாள்

கிறிஸ்டினாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் பேசுவதெல்லாம் கையால். டேனியல் அவளைக் காதலித்த நாட்களில் அந்தக் கைமொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டான். கல்யாணமான பிறகு அவள் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பக்கத்து வீட்டுச் சண்டை முதல் பைபிள் சந்தேகம் வரை எல்லாம் வரும்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் அவளுக்குத் தையல் மிஷின் வேலை. இந்தக் கோடையில் அவள் பேச்சு சுருங்கியது. எதைக் கேட்டாலும் தலையாட்டல், மிஞ்சினால் ஒரே சொல். அதுவும் குழறியது, கட்டைவிரல் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. ஏதோ கோபம், தானாகத் தணியட்டும் என்று டேனியல் விட்டுவிட்டான்.

அவளோடு வேலை செய்யும் வஜீதாதான் ஒருநாள் கம்பெனி கேட்டில் அவனை நிறுத்தினாள்.

"அண்ணா, அவ கையப் பாத்தீங்களா? ரொம்ப பேஜாரா இருக்கு. மரத்துப்போய், தைக்கற ஷூ தோலு பீஸெல்லாம் நழுவி வுழுது. சூப்பர்வைசருக்குத் தெரியாம நான்தான் எடுத்துக் குடுக்கறேன்."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா."

"எதால சொல்லுவா?"

வேலூரில் டாக்டர் நரம்பு டெஸ்ட் எடுத்தார். இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருந்தது. வலது கட்டைவிரலின் அடிச்சதை இளைக்கத் தொடங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்.

"ரெண்டு கையும் ஒண்ணாவே பண்ணிடலாமா?" என்று டேனியலிடம் கேட்டார்.

"வேணாம் சார். அவ பேசறதே கையாலதான். ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

உணர்ச்சி திரும்புமா என்று கிறிஸ்டினா கேட்டாள். டேனியல் அதைச் சொன்னதும் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"மரமரப்பு கம்மியாய்டும்மா. பழைய பலம் முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. மிஷின் மட்டும் இனிமே வேணாம்."

வலது கைக்கு ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தார்கள். வஜீதா கூடவே போய்ப் பேசியதில், கம்பெனியில் அவளைச் செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அவள் விரல்கள் அசைந்தன. வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

நான் பேசாமல் இருந்த மாதங்களில் உனக்கு நிம்மதியாக இருந்ததா என்று கேட்டாள்.

டேனியலுக்கு உடனே இல்லை என்று சொல்லத்தான் தோன்றியது. வேலை முடிந்து வந்து யார் முகத்தையும் பார்க்காமல் டிவி பார்த்த மாலைகள் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் இருந்தது என்று கையால் சொன்னான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, இடது கை ஆபரேஷனை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள்.