மூன்று பிடி மண்

கொரோனா நமக்கு நிறையப் பாடம் கற்றுக்கொடுத்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கை கழுவப் படித்தோம், மறந்தோம். முகக்கவசம் போடப் படித்தோம், அதையும் மறந்தோம். கிழடுகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டப் படித்ததை மட்டும் இன்றுவரை எவனும் மறக்கவில்லை.

நான் அப்துல் மஜீது, தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவன். என் மகன் முகம்மது சலீம் துபாயில் இருக்கிறான். கொரோனா காலத்தில் வாசலிலும் கூடத்திலும் கேமரா வைத்தான். கேட்டைப் பூட்டி, சாவியை மருமகள் நஸீபாவிடம் இருக்கச் சொன்னான். அப்போது அது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். நோய் போய் வருடக்கணக்காகிறது. கேமராவும் போகவில்லை, பூட்டும் போகவில்லை. அங்கே உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறான். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். எனக்கு வாய்த்தவன் வார்டன்.

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு ஊர் உலகமே வந்து குளிக்கிறது. அவனுடைய கூட்டாளிகளே வேன் பிடித்து வருகிறார்கள். எனக்கு மட்டும் கூட்டம் ஆகாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் லாத்தா மவுத்தாகிவிட்டாள். லாத்தா என்றால் என் உடன்பிறந்த அக்காள் பாத்திமுத்து. அடுத்த தெருவில்தான் வீடு. அவளையும் பிள்ளைகள் இப்படித்தான் வைத்திருந்தார்கள். அடுத்த தெரு அக்காளுக்குப் போனில் சலாம் சொல்லிக் காலம் தள்ளியவன் நான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசல் மைக்கில் சொன்னார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேமராவிலிருந்து மகன் குரல் வந்தது.

"எங்க போறிய வாப்பா?"

"லாத்தாவ அடக்க."

"ஊரெல்லாம் காய்ச்சலா கெடக்குன்னு சொல்லுதாங்க. மையவாடில கூட்டமா இருக்கும். பக்கத்து வீட்டு நாசர்கிட்ட லைவ் போடச் சொல்லியிருக்கேன். உக்காந்து மொபைல்ல பாருங்க."

லைவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவி ரஹ்மத் கொரோனாவில்தான் போனாள். ஆஸ்பத்திரியில் முகம்கூடக் காட்டவில்லை. யார் யாரோ உடம்பெல்லாம் மூடிக்கொண்டு வந்து அடக்கினார்கள். நான் இதே கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கபரில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதைப் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு என்ன கேடு?

"உங்கும்மாவுக்குத்தான் மண்ணு போட முடியல. லாத்தாவுக்காவது போடணும்லே."

"உங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன். நஸீபா, கேட்ட தொறக்காத."

நஸீபா சாவியோடு நின்றாள். பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்து, "மாமா போயிட்டு வரட்டும். என்னைய ஏசணும்னா பொறவு ஏசுங்க" என்று சொல்லிப் பூட்டைத் திறந்தாள்.

மையவாடி முழுக்க இளவட்டங்கள். லாத்தா வயசு மச்சான்மாரில், சொந்தக்காரர்களில் ஒருத்தர்கூட அங்கே இல்லை. எல்லோரும் வீட்டில் பத்திரமாக லைவ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாசர் கபருக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குனிய முடியவில்லை. யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். சாரலில் நனைந்த மண் கையில் ஒட்டியது. மூன்று பிடியும் போட்டேன். ரஹ்மத்தை நினைத்து அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

நிமிர்ந்து நாசரிடம் கேட்டேன். "சலீம் பாக்குதானா?"

"பாக்குதாங்க மாமா."

போனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன்.

"ஏலே சலீமு, எனக்கு மவுத்து வந்தா நீ லீவு போட்டு வராத. ஏர்போர்ட்டுல கூட்டமா இருக்கும். அங்கனயே உக்காந்து பாரு, நாசரு காட்டுவான். எனக்கு மண்ணு போட தெருவுல யாராவது இருப்பாங்க."

நாசர் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"வாப்பான்னு மட்டும் எழுதியிருக்காங்க மாமா."

எழுதட்டும் என்று விட்டுவிட்டு, லாத்தாவின் பிள்ளைகளோடு துஆவுக்குக் கையேந்தினேன்.